ரோபோவா, துளையா, திறந்த முறையா? அப்பாவின் உணவுக்குழாய் அறுவை பற்றிக் கேட்ட மகளுக்கு

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருடப் பீடிப் பழக்கம். உணவுக்குழாயின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே கட்டி. பயாப்ஸியில் ஸ்குவாமஸ் வகைப் புற்று (உட்படலத்தின் தட்டைச் செல்களில் தோன்றுவது) என்று வந்திருக்கிறது. 5 வாரக் கீமோவும் 23 முறை கரண்டும் (கதிர்வீச்சு) வைத்து முடிந்துவிட்டது, ஸ்கேனில் கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது. அடுத்தது அறுவை சிகிச்சை. ஒரு மருத்துவமனையில் ரோபோ மூலம் செய்யலாம், கூடுதலாக 3 லட்சம் ஆகும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் சாதாரணத் துளை முறையே (சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது) போதும் என்கிறார்கள். பெரியப்பாவோ, "கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்துச் செய்தால்தான் மிச்சம் மீதி இல்லாமல் எடுக்க முடியும்" என்று திறந்த முறையைச் சொல்கிறார். ரோபோவுக்காக ஊரில் இருக்கும் மனையை விற்கலாமா என்று கேட்கிறீர்கள்.

மனையை விற்க வேண்டாம். விலா எலும்புகளை விரித்து மார்பைத் திறப்பதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது நல்லது. அதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆனால் துளை முறைக்கும் ரோபோவுக்கும் நடுவே தேர்வு செய்யும்போது இயந்திரத்தைப் பார்க்காமல் குழுவைப் பாருங்கள். வருடத்துக்கு எத்தனை உணவுக்குழாய் அறுவை செய்கிறார்கள், தையல் கசிந்தால் நடு இரவில் யார் வந்து பார்ப்பார்கள் என்பதுதான் அப்பா நல்லபடியாக வீடு திரும்புவதைத் தீர்மானிக்கும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன். நான் புற்றுநோய் அறுவை சிகிச்சை மருத்துவன். இந்த அறுவையைத் திறந்த முறையில் கற்று, பிறகு துளை முறைக்கு மாறியவன், ரோபோவிலும் செய்திருக்கிறேன். அப்பாவை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைக்குழாய், அவ்வளவுதான். சிக்கலெல்லாம் அது இருக்கும் இடத்தில். கழுத்தில் தொடங்கி, மார்பு முழுவதையும் கடந்து, உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் இறங்குகிறது. முன்னால் மூச்சுக்குழாயும் இதயத்தின் பின்சுவரும், பக்கத்தில் மகாதமனி, பின்னால் முதுகெலும்பு. கொழுப்புச் சத்தைச் சுமக்கும் நிணநீர்க் குழாய் ஒன்று இதை ஒட்டியே மேலேறுகிறது. குரலை இயக்கும் நரம்புகள் இரண்டும் மேற்பகுதியில் உரசியபடி போகின்றன. குடலுக்கு இருப்பது போன்ற வெளி உறையும் இதற்குக் கிடையாது, அதனால் புற்று சீக்கிரம் சுவரைத் தாண்டிவிடும். ஒரே உறுப்புக்காகக் கழுத்து, மார்பு, வயிறு மூன்றுக்குள்ளும் போக வேண்டிய அறுவை இது.

1913இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்பவர்தான் முதன்முதலில் மார்பைத் திறந்து உணவுக்குழாய்ப் புற்றை எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். எடுத்த இடத்தை எதைக் கொண்டு இணைப்பது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்துவிட்டார். அந்தப் பெண்மணி அந்தக் குழாய் வழியாகச் சாப்பிட்டுக்கொண்டே பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1946இல் ஐவர் லூயிஸ் வயிற்றையும் வலது மார்பையும் திறந்து, இரைப்பையையே மேலே இழுத்து மார்புக்குள் இணைக்கும் வழியை விவரித்தார். 1976இல் மெக்கியோன் கழுத்திலும் ஒரு வெட்டுச் சேர்த்து இணைப்பைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். இன்றைக்கும் மருத்துவர்கள் உங்களிடம் "ஐவர் லூயிஸ் செய்வோம்", "மெக்கியோன் செய்வோம்" என்றுதான் சொல்வார்கள். ரோபோவாக இருந்தாலும் உள்ளே நடப்பது அதே வேலைதான். கட்டியுள்ள உணவுக்குழாயையும் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டு, இரைப்பையை ஒரு நீண்ட குழாயாக வெட்டித் தைத்து, மேலே கொண்டுபோய் இணைக்கிறோம். அந்தப் புதுக்குழாய்க்கு ரத்தம் தருவது பெரும்பாலும் ஒரே ஒரு தமனி. இணைப்பு கசிவது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பது இதிலிருந்தே புரியும்.

சரி, திறந்த முறையில் என்ன பிரச்சினை? அறுவை முடிந்த மறுநாள் காலையில் ஐசியூவில் வந்து பார்த்தால் தெரியும். விலா எலும்புகளுக்கு நடுவே உலோகக் கருவியை வைத்து விரித்திருப்போம். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த இடம் அசையும், வலிக்கும். வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுவார். இரும மாட்டார். இருமாவிட்டால் சளி வெளியே வராது. முப்பது வருடம் பீடி குடித்த நுரையீரலில் சளி தேங்கினால் மூன்றாம் நாள் காய்ச்சல், நிமோனியா, பிறகு வென்டிலேட்டர் என்று போய்விடும். உணவுக்குழாய் அறுவைக்குப் பின் நாங்கள் இழக்கும் நோயாளிகளில் பலரை நுரையீரல் வழியாகத்தான் இழக்கிறோம். புற்றை முழுவதுமாக எடுத்துவிட்டுச் சளியிடம் தோற்பது போன்ற வேதனை ஒரு மருத்துவனுக்கு வேறில்லை.

துளை முறை வந்தது இந்த இடத்தைச் சரிசெய்யத்தான். 1990களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ஆல்ஃபிரட் குஷியேரி மார்புக்குள் கேமராவை விட்டு உணவுக்குழாயைப் பிரித்தெடுக்கத் தொடங்கினார். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்துச் செய்யலாம் என்பதையும் சில ஆண்டுகளில் அவரே எழுதினார். ஆனால் குப்புறப் படுக்கும் முறையை உலகம் கவனிக்க வைத்தது கோயம்புத்தூர். ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு 2006இல் 130 நோயாளிகளின் அனுபவத்தை அமெரிக்க அறுவை மருத்துவக் கல்லூரியின் இதழில் வெளியிட்டார். அதன்பின் பல நாடுகளில் இந்த வழியைப் பின்பற்றினார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் நல்ல துளை முறை அறுவைக்கு நீங்கள் கடல் கடந்து போக வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

குப்புறப் படுத்தால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். உணவுக்குழாய் முதுகுப் பக்கம் இருக்கிறது. ஆளைக் குப்புறப் போட்டால் நுரையீரலும் இதயமும் தன் எடையிலேயே முன்னால் சரிந்து விலகிக்கொள்ளும். யாரும் நுரையீரலைப் பிடித்து ஒதுக்கி அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். ரத்தம் கசிந்தாலும் முன்பக்கம் வடிந்துவிடும், நாங்கள் வேலை செய்யும் இடம் சுத்தமாக இருக்கும். பல நேரங்களில் ஒரு பக்க நுரையீரலை முழுவதுமாக மூடி வைக்கும் தேவையே வருவதில்லை. முதன்முறை நான் இதைப் பார்த்தபோது, திறந்த முறையில் விரலால் தடவி ஊகித்த பல இடங்கள் திரையில் கண்ணெதிரே விரிந்து கிடந்தன.

பெரியப்பாவின் கவலைக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்வது முட்டாள்தனமான வாதம் இல்லை. இருபது வருடம் முன்பு மூத்த மருத்துவர்கள் பலரும் இதையேதான் சொன்னார்கள். அதனால்தான் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து ஆய்வுகள் நடத்தப்பட்டன. நெதர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி மூன்றிலும் நடந்த 'டைம்' ஆய்வு 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 115 பேர். முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று வந்தவர்கள் திறந்த முறையில் 29 சதவீதம், துளை முறையில் 9 சதவீதம். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் வித்தியாசம் இல்லை, அதாவது புற்றை எடுப்பதில் துளை முறை பின்தங்கவில்லை. பிரான்சில் நடந்த 'மிரோ' ஆய்வில் (2019, 207 பேர்) மார்பை வழக்கம்போல் திறந்துவிட்டு வயிற்றுப் பகுதியை மட்டும் துளை வழியாகச் செய்தார்கள். அதற்கே பெரிய சிக்கல்கள் 64 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாகக் குறைந்தன. உங்கள் அப்பாவுக்கு இருப்பது போன்ற ஸ்குவாமஸ் வகை மிகுதியாக உள்ள ஜப்பானிலும் 300 பேரிடம் ஒப்பிட்டார்கள். துளை வழியாகச் செய்தவர்களில் மூன்று ஆண்டு முடிவில் 82 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், திறந்த முறையில் சுமார் 71 சதவீதம். துளை முறை குறைந்துபோய்விடவில்லை என்று நிரூபிப்பதே அந்த ஆய்வின் நோக்கம், அது தெளிவாக நிரூபணமாயிற்று. பெரியப்பாவிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் அவர் பக்கம் நிற்கிறது. துளையில் தொடங்கிய பிறகு ரத்தப்போக்கோ, மூச்சுக்குழாயோடு ஒட்டிப்போன கட்டியோ வந்தால் மருத்துவர் தயங்காமல் திறக்க வேண்டும். அப்படி மாற்றுவது தோல்வியாகாது. அந்த அனுமதியை முன்கூட்டியே மனமார எழுதிக் கொடுங்கள். திறந்து செய்யத் தெரியாதவர் கையில் துளை முறையை ஒப்படைக்கக் கூடாது.

இப்போது ரோபோ. இந்தப் பெயரே பலரைக் குழப்புகிறது. தானாக எதையும் அது வெட்டாது. மருத்துவர் சில அடி தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து, முப்பரிமாணத் திரையைப் பார்த்தபடி விரல்களை அசைக்கிறார். அந்த அசைவை இயந்திரக் கைகள் நோயாளியின் உள்ளே சிறிதாக்கிச் செய்கின்றன. சாதாரணத் துளை முறைக் கருவி நீளக் குச்சி போல, நுனி மட்டும் திறந்து மூடும். ரோபோவின் கருவிக்கு மணிக்கட்டு உண்டு, வளைந்து திரும்பித் தைக்கும். கை நடுக்கத்தை வடிகட்டிவிடும். டாவின்சி என்ற அமெரிக்கக் கருவி 2000இல் அனுமதி பெற்றது. இன்று இந்தியாவிலேயே தயாராகும் மந்த்ரா என்ற கருவியும் இருக்கிறது. செலவு ஏன் ஏறுகிறது என்றால் இயந்திரத்தின் விலை மட்டும் காரணமில்லை. அதன் கருவிகளை இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள், அதன்பின் அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். குறை என்னவென்றால், திசுவை இழுக்கும்போது எவ்வளவு இழுவிசை என்று கைக்கு அவ்வளவாகத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் கணிக்க வேண்டும்.

விளம்பரங்களில் ரோபோவுக்கு ஆதரவாகக் காட்டும் எண்களைக் கவனமாகப் படியுங்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்த 'ரோபாட்' ஆய்வில் அறுவை தொடர்பான சிக்கல்கள் 80 சதவீதத்திலிருந்து 59 சதவீதமாகக் குறைந்தன. உண்மைதான். ஆனால் அங்கே ரோபோவை ஒப்பிட்டது மார்பைத் திறக்கும் முறையோடு. மார்பைத் திறக்காததால் வரும் லாபம் சாதாரணத் துளை முறையிலும் கிடைப்பதுதானே! இரண்டையும் நேருக்கு நேர் வைத்தது சீனாவில் 358 பேரிடம் நடந்த 'ராமி' ஆய்வு, 2022இல் வெளியானது. ரோபோவில் அறுவை நேரம் குறைந்தது, சராசரியாக 204 நிமிடம், துளை முறையில் 245. மொத்தச் சிக்கல்களில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. கீமோ முதலான சிகிச்சை முடித்து வந்தவர்களிடம் மட்டும் மார்பிலிருந்து எடுத்த நிணநீர்க் கணுக்கள் ரோபோவில் சற்று அதிகம்.

ரோபோவை நானும் விரும்பித் தேடும் ஓர் இடம் உண்டு. இடப்பக்கக் குரல் நரம்பு மார்புக்குள் இறங்கி, மகாதமனியின் வளைவுக்குக் கீழே சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறிக் குரல்வளைக்குப் போகிறது. அந்த நரம்பை ஒட்டிச் சின்னச் சின்னக் கணுக்கள். ஸ்குவாமஸ் வகைப் புற்று அங்கே பரவும் வழக்கம் உள்ளது, அதனால் விட்டுவிடவும் முடியாது. மூச்சுக்குழாய்க்கும் தமனிக்கும் நடுவே ஒரு சந்து அது. நரம்பை லேசாக இழுத்தாலே குரல் கம்மிவிடும். குரல் கம்மினால் இருமலும் பலவீனமாகும், தண்ணீர் குடித்தால் புரையேறும், மறுபடி நுரையீரலில் வந்து முடியும். அந்தக் கணுக்களைச் சுத்தமாக எடுத்து நரம்பையும் காப்பாற்றுவதில் தைவானிலும் சீனாவிலும் நடந்த ஓர் ஒப்பீட்டில் ரோபோ 88 சதவீதம் பேரிடமும் சாதாரணத் துளை முறை 69 சதவீதம் பேரிடமும் வெற்றி பெற்றது. அப்பாவின் மருத்துவர் அந்த மேற்பகுதிக் கணுக்களையும் எடுக்கப் போகிறேன் என்று சொன்னால், ரோபோவுக்கு அங்கே ஒரு நியாயம் இருக்கிறது. இதே வேலையைச் சாதாரணக் குச்சிக் கருவியால் அழகாகச் செய்யும் கைகளும் இருக்கின்றன.

ஆகவே, இரண்டு மருத்துவமனைகளிலும் போய் உட்கார்ந்து கேளுங்கள். கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். போன வருடம் எத்தனை உணவுக்குழாய் அறுவை செய்தீர்கள்? அதில் எத்தனை பேருக்கு இணைப்பு கசிந்தது? எத்தனை பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள்? நேர்மையான மருத்துவர் எண்ணைச் சொல்வார், பூஜ்யம் என்று சொல்ல மாட்டார். கசிவே வருவதில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் மிகக் குறைவாகச் செய்கிறார் என்றோ கணக்கு வைப்பதில்லை என்றோ எடுத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தில் 2011 முதல் வருடத்துக்கு 20 உணவுக்குழாய் அறுவையாவது செய்யாத மருத்துவமனை அதைச் செய்யக் கூடாது என்று வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2002இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, மிகக் குறைவாகச் செய்யும் இடத்துக்கும் மிக அதிகமாகச் செய்யும் இடத்துக்கும் இடையே இறப்பு விகிதத்தில் 5 சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம் கண்டது. எந்த இயந்திரமும் அந்த அளவு வித்தியாசத்தைத் தந்ததாக நான் படித்ததில்லை.

இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும், எங்கள் தொழிலில் இதைச் சத்தமாகப் பேசுவதில்லை. மார்புக்குள் இணைக்கும் துளை முறையைக் கற்றுக்கொள்ளும் காலத்தை ஐரோப்பாவில் நான்கு மருத்துவமனைகள் அளந்தன. கசிவு விகிதம் குறைந்து நிலைபெற 119 அறுவைகள் ஆயின. அந்தக் கற்றல் காலத்தில், தேர்ந்த குழுவிடம் போயிருந்தால் வந்திருக்காத கசிவு 36 பேருக்கு வந்தது. புது ரோபோ வாங்கிய மருத்துவமனையில் முதல் பத்து நோயாளிகளில் அப்பா ஒருவராக இருக்கப் போகிறாரா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்க வேண்டிய கேள்வி அது. அப்படி என்றால், தேர்ந்த மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து வழிநடத்துகிறாரா என்பதையும் கேளுங்கள்.

கசிவு வந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் பதில் வாங்குங்கள். எண்டோஸ்கோப்பி செய்பவரும், ஸ்கேன் பார்த்து உள்ளே குழாய் வைக்கும் ரேடியாலஜி மருத்துவரும், மார்பு அறுவைக்குப் பழகிய மயக்க மருத்துவரும் அதே கட்டடத்தில், ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்க வேண்டும். கசிவை ஆறு மணி நேரத்தில் கண்டுபிடிப்பதற்கும் இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடிப்பதற்கும் நடுவில் ஓர் உயிர் இருக்கிறது. செலவு விஷயத்தில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த மருத்துவமனையில் எவ்வளவு கிடைக்கும் என்று காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற அறக்கட்டளை மருத்துவமனைகளில் ஒரு கருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். ஓமந்தூரார் அரசுப் பல்நோக்கு மருத்துவமனையிலும் 2022இல் ரோபோ அறுவை மையம் திறந்திருக்கிறார்கள், உணவுக்குழாய்க்கு அங்கே செய்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியையும் மருத்துவரிடம் கேட்கச் சொல்கிறேன். அப்பாவுக்கு இப்போது அறுவை உடனே தேவைதானா? அப்பா எடுத்துக்கொண்டது நெதர்லாந்தின் 'கிராஸ்' ஆய்வில் வந்த சிகிச்சை போலத் தெரிகிறது. அந்த ஆய்வில் ஸ்குவாமஸ் வகைக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, எடுத்த உணவுக்குழாயை நுண்ணோக்கியில் பார்த்தபோது புற்றே மிச்சமில்லை. இதை வைத்து அண்மையில் 'சானோ' என்ற ஆய்வு நடந்தது. கீமோவும் கரண்டும் முடிந்து சில வாரங்களில் மறுபடி எண்டோஸ்கோப்பி, ஆழமான பயாப்ஸிகள், பெட் ஸ்கேன் எல்லாம் செய்து எதுவும் தென்படாதவர்களை உடனே அறுக்காமல் தொடர்ந்து கண்காணித்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் கண்காணிப்பில் 74 சதவீதம் பேரும், அறுவை செய்தவர்களில் 71 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். இது எல்லோருக்கும் பொருந்தாது. சில மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் பரிசோதனைக்கு வர வேண்டும், புற்று மீண்டும் தலைகாட்டினால் அந்த நிமிடமே அறுவைக்குச் சம்மதிக்க வேண்டும். வழியில் எங்கோ தொடர்பு விட்டுப்போனால் ஆபத்து. "ஸ்கேனில் சுருங்கியிருக்கிறது" என்பதும் "முழுதாக மறைந்துவிட்டது" என்பதும் வேறு வேறு. ஆனாலும் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அறுவைதான் என்று முடிவானால், அதற்கு முன் உங்கள் கையில் இருக்கும் வாரங்கள் தங்கம். கரண்டின் வீக்கம் வடியக் காத்திருக்கும் இந்தக் காலத்தில்தான் அப்பாவின் நுரையீரலையும் உடம்பையும் தேற்ற முடியும். பீடி இன்றோடு நிற்க வேண்டும், "குறைத்துவிட்டேன்" என்பது போதாது. மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும். பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள். அதை ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தைத் தூக்க வேண்டும், தூக்கியபடி இரண்டு மூன்று நொடி நிறுத்த வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை. காலையும் மாலையும் அரை மணி நேரம் மூச்சு வாங்கும் அளவுக்கு நடக்கட்டும். ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப்போய்ச் சொத்தைப் பற்களைக் கவனியுங்கள், தினமும் இருமுறை பல் துலக்க வையுங்கள். வாயிலிருக்கும் கிருமிதான் அறுவைக்குப் பின் நுரையீரலுக்குப் போகிறது. ஜப்பானியர்கள் இதில் மிகக் கண்டிப்பு.

சாப்பாடு இன்னும் முக்கியம். சோறு இறங்காத மாதங்களில் அப்பா எத்தனை கிலோ இழந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அறுவைக்கு முன் முட்டை, தயிர், பருப்புத் தண்ணீர், மீன், பால் என்று புரதம் ஏற வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சியில் தசை வளராது. வாய் வழியாகப் போதுமானது இறங்கவில்லை என்றால் குழாய் மூலம் உணவு கொடுக்க மருத்துவர் சொல்வார், மறுக்காதீர்கள். "டியூப் போட்டால் கடைசிக் கட்டம்" என்று ஊரில் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள். அந்தக் குழாய்தான் பலரை அறுவை மேசை வரை நடந்துவர வைக்கிறது.

அறுவை முடிந்து பார்க்கும்போது மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒன்று, பெரும்பாலும் வயிற்றில் சிறுகுடலுக்கு உணவு கொடுக்க ஒன்று என்று இருக்கும். பயந்துவிடாதீர்கள். துளை முறையில் செய்தால் மறுநாளே நாற்காலியில் உட்கார வைப்பார்கள், நடக்க வைப்பார்கள். நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாவது முதல் வாரத்தில் அடிக்கடி வரும், மருந்தில் அடங்கும். ஆனால் காரணமில்லாமல் துடிப்பு ஏறி, காய்ச்சலும் சேர்ந்தால் உள்ளே கசிவு இருக்கலாம் என்று நாங்கள் உஷாராவோம். மார்புக் குழாயில் வரும் நீர் பால் போல வெளுத்தால் அந்த நிணநீர்க் குழாய் காயப்பட்டிருக்கிறது என்று பொருள். நீங்கள் கவனித்தால் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். குடும்பத்தினர் கவனித்துச் சொன்னதால் சீக்கிரம் பிடிபட்ட சிக்கல்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பின் அப்பாவின் இரைப்பை இனி ஒரு குறுகலான குழாய். மூன்று வேளைச் சாப்பாடு என்பதை மறந்துவிட்டு, ஒரு நாளைக்கு ஆறு ஏழு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி கழித்துக் குடிக்கட்டும். பாயாசம், சர்க்கரை போட்ட ஜூஸ் போன்றவை சட்டென்று குடலுக்குள் இறங்கினால் வியர்த்து, படபடத்து, வயிற்றுப்போக்காகும், அதனால் இனிப்பில் கவனம். சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது. இரவில் தலைப்பக்கம் கட்டிலுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருந்த வால்வு போய்விட்டதால் படுத்தால் எல்லாம் தொண்டைக்கு ஏறும், இது வாழ்நாள் முழுக்க இருக்கும். சில மாதங்களில் மறுபடி சோறு சிக்குகிறது என்றால் புற்று திரும்பிவிட்டது என்று உடனே உடைந்துபோக வேண்டாம். இணைத்த இடம் தழும்பால் சுருங்குவது சாதாரணம், எண்டோஸ்கோப்பியில் விரித்துவிட்டால் சரியாகும். ஆனால் காட்டாமல் இருக்கக் கூடாது.

அப்புறம், எடுத்த திசுவின் ரிப்போர்ட் ஒன்றிரண்டு வாரத்தில் வரும். அதில் ஓரங்கள் சுத்தமா, எத்தனை கணுக்கள் எடுத்தார்கள், அவற்றில் எத்தனையில் புற்று, முதன்மைக் கட்டியில் உயிருள்ள புற்றணு மிச்சமிருக்கிறதா என்று நான்கு விஷயம் பாருங்கள். மிச்சமிருந்தால் நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை ஓராண்டு கொடுப்பதைப் பற்றி மருத்துவர் பேசுவார். 2021இல் வந்த ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு நோய் திரும்பாமல் இருந்த காலம் அந்த மருந்தால் 11 மாதத்திலிருந்து 22 மாதமாக நீண்டது. அது விலையுள்ள மருந்து. ரோபோவுக்கு என்று நினைத்த பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படிப்போம்.